நம்மாழ்வார் அய்யாவுக்கு

இயற்கை வேளாண்மை சொல்லித்தந்த அய்யாவின் நினைவு நாளான டிசம்பர் 30 வந்தால் கை தானாக மண்ணைப் போர்த்தியிருக்கும் சருகு மூடாக்கை விலக்கிப் பார்க்கிறது. இன்றும் பார்த்தேன். காய்ந்த வாழைச் சருகுக்கு அடியில் ஈரம் அப்படியே இருக்கிறது. வெள்ளை வெள்ளையாய்ப் பூஞ்சை இழை, விரல் பட்டதும் சுருண்டுகொண்ட ஒரு மண்புழு. மண்ணை வெறுமனே வெயிலில் காயப் போடக் கூடாது என்பது அய்யாவிடம் கற்ற முதல் பாடம்.

வேளாண் பட்டம் படித்தவர். கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் அரசு வேலை. வானத்தை நம்பி விதைக்கிற மானாவாரிச் சம்சாரிக்கு விலை கொடுத்து வாங்கும் உரமும் வீரிய விதையும் எப்படிக் கட்டுப்படியாகும்? அந்தக் கேள்வியோடு 1969-இல் வேலையை உதறினார். அவர் செய்த எல்லாவற்றையும்விட எனக்கு அந்த முடிவுதான் பெரிது.

2013-இல், காவிரிப் படுகை நிலத்தடியிலிருந்து எரிவாயு எடுக்கும் மீத்தேன் திட்டத்துக்கு எதிராக ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் பட்டுக்கோட்டை பக்கம் அத்திவெட்டியில் உயிர் பிரிந்தது. வயது 75. 2020-இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்துச் சட்டம் வந்த அன்று (அதில் இன்னும் கேட்க வேண்டியது நிறைய, அது தனிப் பேச்சு) அந்தப் பச்சைத் தலைப்பாகையும் வெண்தாடிச் சிரிப்பும்தான் முதலில் கண்ணில் வந்து நின்றன.

கொஞ்சம் தினை விதை எடுத்து வைத்திருக்கிறேன். பொங்கல் கழிந்து, நீங்கள் உருவாக்கிய வானகம் பண்ணைக்கு வருகிறேன், அய்யா.