நீலப் புகை தேடி ஸ்விக்காவ்

திங்கட்கிழமை அருங்காட்சியகம் திறக்காது என்பது ஊர் உலகத்துக்கே தெரியும். எனக்கு மட்டும், ஜெர்மனியின் ஸ்விக்காவ் நகரில் ஆகஸ்ட் ஹோர்ஹ் கார் அருங்காட்சியகத்தின் பூட்டிய கதவுக்கு முன்னால் போய் நின்ற பிறகுதான் ஞாபகம் வந்தது. லைப்சிக்கிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மணி நேர ரயில், அப்புறம் டிராம், கடைசியில் ஒரு பூட்டு.

சரி, ஒரு நாள் கையில் இருக்கிறது, நான் தேடி வந்த டி.கே.டபிள்யூ. கார்களின் கதை தொடங்கிய ஊரையாவது பார்த்துவிடலாம் என்று கெம்னிட்ஸ் வழியாக சோப்பாவ் கிளம்பினேன். ஆற்றை ஒட்டியே ஓடுகிற சின்ன ரயில். இரு பக்கமும் மரம் அடர்ந்த மலைச்சரிவு. ஊருக்கு நடுவே மேட்டில் ஒரு பழைய கோட்டை. இந்த இடத்திலா ஒரு காலத்தில் உலகத்திலேயே அதிக மோட்டார் சைக்கிள் செய்தார்கள் என்று சந்தேகம் வரும். 1928-இல் அந்தப் பெயர் இந்த ஊர் டி.கே.டபிள்யூ. தொழிற்சாலைக்குத்தான்.

அந்த மூன்றெழுத்தின் கதையே வேடிக்கையானது. யோர்கன் ஸ்காஃப்டே ராஸ்முசன் என்கிற டென்மார்க்காரர் முதல் உலகப் போர்க் காலத்தில் இங்கே நீராவியில் ஓடும் கார் செய்ய முயன்றார். நீராவி விசை வண்டி என்பதற்கான ஜெர்மன் சொற்களின் முதலெழுத்துகள்தான் டி.கே.டபிள்யூ. வண்டி தேறவில்லை. போர் முடிந்ததும் ஹ்யூகோ ரூப்பே என்ற பொறியாளர் பொம்மை போல ஒரு குட்டி டூ-ஸ்ட்ரோக் என்ஜினோடு வந்தார், பெட்ரோலில் எண்ணெய் கலந்து ஊற்ற வேண்டிய, நீலப் புகை விடுகிற வகை. அதே மூன்றெழுத்துக்கு ‘சிறுவனின் ஆசை’ என்று புது விளக்கம் கொடுத்தார்கள். அந்த என்ஜின் கொஞ்சம் வளர்ந்து சைக்கிளில் ஏறியதும் விளக்கம் ‘சின்ன அதிசயம்’ என்று மாறிவிட்டது. தோற்றுப்போன பெயரையும் வீணாக்காத மனுஷன் ராஸ்முசன். அவர் செய்த காரும் இந்தக் குணத்தில் பிறந்ததுதான் என்பது மறுநாள் புரிந்தது.

செவ்வாய்க்கிழமை கதவு திறந்தபோது வரிசையில் முதல் ஆள் நான்.

அருங்காட்சியகம் இருப்பதே பழைய ஆடி தொழிற்சாலைக்குள். ஆகஸ்ட் ஹோர்ஹ் தான் தொடங்கிய கம்பெனியோடு சண்டை போட்டு வெளியே வந்தார். புதுக் கம்பெனிக்குத் தன் பெயரையே வைக்க முடியாமல் போனது. ஜெர்மனில் ஹோர்ஹ் என்றால் ‘கேள்’. அதை லத்தீனுக்கு மாற்றி ஆடி என்று வைத்துவிட்டார். 1928-இல் அந்தக் கம்பெனி ராஸ்முசன் கைக்குப் போனது.

உள்ளே பளபளவென்று நிற்கும் பெரிய ஹோர்ஹ் கார்களைப் பார்க்கத்தான் கூட்டம். எட்டு சிலிண்டர், ஆளுயர முன்பக்கம், குரோமியம் பூச்சு. நான் அவற்றைச் சட்டென்று தாண்டிப் போனேன். எனக்கு வேண்டியது டி.கே.டபிள்யூ. எஃப் 1.

1930 அக்டோபர். உலகமே பொருளாதார மந்தத்தில் தவிக்கிறது, பெரிய கார் வாங்க ஆளில்லை. ராஸ்முசன் ஸ்விக்காவ் வடிவமைப்பு அறைக்கு வந்து வேண்டியதைச் சொல்கிறார்: கையிலிருக்கும் மோட்டார் சைக்கிள் என்ஜின், முன்சக்கர இழுப்பு, மரத்தில் உடல், அதன் மேல் செயற்கைத் தோல். ஆறு வாரம்தான் கெடு. 1931 பிப்ரவரியில் பெர்லின் கண்காட்சியில் கார் நின்றது. 584 சி.சி., 15 குதிரைத்திறன், விலை 1,685 ரைஷ்மார்க்.

இப்போது பெரும்பாலான சின்னக் கார்களின் பானெட்டைத் திறந்தால் என்ஜின் குறுக்காகக் கிடக்கும், இழுப்பதும் முன்சக்கரம். அதைத் தொடங்கிவைத்தது 1959-இல் வந்த பிரிட்டிஷ் மினி என்றுதான் நானும் வெகுநாள் நம்பியிருந்தேன். மினியின் பெருமையைக் குறைக்கச் சொல்லவில்லை. ஆனால் அதற்கு 28 வருஷம் முன்பே இங்கே இரண்டு சிலிண்டர் என்ஜின் காரின் குறுக்கே உட்கார்ந்துவிட்டது. அதிலிருந்து ஒரு சங்கிலி கிளட்சுக்கு, பக்கத்திலேயே கியர்பாக்ஸ், அங்கிருந்து நேராக முன்சக்கரங்கள். என்ஜினிலிருந்து பின்சக்கரம் வரை நீளத் தண்டு தேவையில்லை. தண்டு இல்லையென்றால் நடுவில் மேடு இல்லை, தரை தாழ்வாக இருக்கும், எடையும் செலவும் குறையும். கதவு வழியாகக் குனிந்து தரையைத்தான் முதலில் பார்த்தேன். பக்கத்தில் நின்ற பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்னை விசித்திரமாகப் பார்த்தார்கள்.

அந்த என்ஜினில் ஒரு குறை இருந்தது. டூ-ஸ்ட்ரோக்கில் வால்வு கிடையாது, சிலிண்டர் சுவரில் துளைகள்தான். உள்ளே வரும் பெட்ரோல் கலவை, எரிந்த புகையோடு சேர்ந்து அப்படியே வெளியே ஓடிவிடக் கூடாது. அதற்காக பிஸ்டன் தலையில் மூக்கு மாதிரி ஒரு திமில் வைத்துக் கலவையை மேலே திருப்பிவிட்டார்கள். அந்த மூக்கு சூடாகிப் பாடாய்ப் படுத்தும். அடோல்ஃப் ஷ்னூர்லே என்பவர் இதற்கு வழி கண்டார். துளைகளையே சாய்வாக வைத்தால், கலவை எதிர்ச் சுவரில் மோதி மேலே ஏறி வளைந்து இறங்கும், இறங்கும்போது பழைய புகையைத் தள்ளிவிடும். மூக்கு போச்சு, பிஸ்டன் தட்டையானது, பெட்ரோலும் மிச்சம். அந்த உரிமத்தை டி.கே.டபிள்யூ. வாங்கியது. வெட்டி வைத்திருந்த ஒரு என்ஜின் முன்னால் அரை மணி நேரம் நின்று, கலவை போகும் வழியை விரலால் காற்றில் வரைந்துகொண்டிருந்தேன்.

1932-இல் ஆடி, டி.கே.டபிள்யூ., ஹோர்ஹ், வாண்டரர் நான்கும் சேர்ந்து ஆட்டோ யூனியன் ஆயின. இன்றைக்கு ஆடி காரில் பார்க்கும் நான்கு வளையம் அதுதான். பெருமைக்கு ஹோர்ஹ், கல்லா நிறைய டி.கே.டபிள்யூ. போர் வந்து உற்பத்தியை நிறுத்தும் வரை இந்தக் கட்டடங்களிலிருந்து இரண்டரை லட்சத்துக்கும் மேல் முன்சக்கரக் கார்கள் வெளியேறின.

போருக்குப் பின் ஜெர்மனியோடு சேர்ந்து குடும்பமும் இரண்டாகப் பிரிந்த கதை. போருக்கு முன்பே எஃப் 9 என்ற மூன்று சிலிண்டர் கார் தயாராகிக்கொண்டிருந்தது. அதை மேற்கே ஒரு பக்கமும் கிழக்கே ஒரு பக்கமும் தனித்தனியாகச் செய்தார்கள். மேற்கில் டூ-ஸ்ட்ரோக் வெகுநாள் தாங்கவில்லை. எஃப் 102 என்ற கடைசி டி.கே.டபிள்யூ. காரில் ஃபோர்-ஸ்ட்ரோக் என்ஜினை வைத்து, 1965-இல் ஆடி என்ற பழைய பெயரைத் தூசி தட்டி ஒட்டினார்கள்.

கிழக்கில் மிஞ்சியது டிராபன்ட். 1957-இல் தொடங்கி 1991 வரை இதே ஊரில் 30 லட்சத்துக்கும் மேல். அதைக் கேலி செய்யாத ஜெர்மானியர் குறைவு. ‘பந்தய அட்டை’ என்று ஒரு பட்டப்பெயரே உண்டு. காகித அட்டை இல்லை அது. தகட்டு இரும்பு கிடைக்காத நாட்டில், பஞ்சுக் கழிவையும் பிசினையும் சேர்த்து அழுத்திச் செய்த டூரோபிளாஸ்ட். மரமும் தோலும் சுற்றிய அந்த 1931 காருக்கு நேர் வாரிசு என்றுதான் எனக்குத் தோன்றியது. கையில் இருப்பதை வைத்துக் காரியம் பார்க்கிற அதே புத்தி. ஆனால் முப்பது வருஷத்துக்கும் மேலாக அங்கேயே நின்றுவிட்டதை எப்படிப் பாராட்டுவது? அந்தப் பழி அதைச் செய்தவர்கள் மேல் விழுவது நியாயம் இல்லை, மாற்றத்துக்கு மேலிடம் அனுமதி தரவில்லை.

டிராபன்ட் பக்கத்தில் ஒரு பெரியவர் பேரனுக்கு ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். நான் உற்றுக் கேட்பதைப் பார்த்து ஆங்கிலத்துக்கு மாறினார். பெட்ரோல் டாங்க் என்ஜினுக்கு மேலேயே இருக்கிறது, பம்ப் வேண்டாம், தானாக வடியும் என்றார். அளவு பார்க்க ஒரு குச்சி. பத்து வருஷத்துக்கு மேல் காத்திருந்து வாங்கினாராம்.

“உங்கள் ஊரில் டூ-ஸ்ட்ரோக் உண்டா?”

அப்பாவின் டி.வி.எஸ். 50 பற்றிச் சொன்னேன். உடனே அவர் கேட்டது, “எண்ணெய் எத்தனைக்கு எத்தனை?”

“அதெல்லாம் அப்பாவுக்குத்தான் தெரியும். உங்களுக்கு?”

“ஐம்பதுக்கு ஒன்று. பங்க்கிலேயே கலந்து கொடுப்பார்கள். இல்லாத நேரம் நாமே ஊற்றிக்கொண்டு…” என்று சொல்லிவிட்டு, இரண்டு கையையும் கண்ணுக்குத் தெரியாத ஒரு காரின் மேல் வைத்து இடமும் வலமும் ஆட்டிக் காட்டினார்.

பேரன் சிரித்தான். எனக்குத் தெரிந்த ஆட்டம்தான். ஊற்றிய எண்ணெய் பெட்ரோலோடு கலக்க, வண்டியைக் கால்களுக்கு நடுவே நிறுத்தி, ஹேண்டில்பாரைப் பிடித்து, டாங்க்குக்குள் சளக் சளக் என்று சத்தம் கேட்க அப்பா ஆட்டுவார். நானும் அங்கேயே நின்று ஆட்டிக் காட்டினேன்.