“ஓடிபி சொன்னீங்களா சார்?”: டெபிட் கார்டில் போன பணம் திரும்பி வந்த கதை

2024 டிசம்பரில் ஒரு நள்ளிரவு. என் டெபிட் கார்டிலிருந்து ஏதோ வெளிநாட்டுத் தளத்துக்கு அடுத்தடுத்து இரண்டு முறை பணம் போனது. மொத்தம் நாற்பதாயிரத்துச் சொச்சம். கார்டு பர்ஸில்தான் இருக்கிறது. ஓடிபி எதுவும் வரவில்லை. பணம் போய்விட்டது என்ற எஸ்எம்எஸ் மட்டும் வந்தது. ஆப்பில் கார்டை பிளாக் செய்து, வங்கியின் உதவி எண்ணில் புகார் எண் வாங்கி, சைபர் மோசடிக்கான அரசு உதவி எண் 1930-லும் பதிவு செய்து முடித்தேன். விடிந்த பிறகுதான் வினை.

வங்கிக் கிளையில் டோக்கன் எடுத்து உட்கார்ந்து, என் முறை வந்ததும் கவுன்டரில் கேட்ட முதல் கேள்வி: “ஓடிபி சொன்னீங்களா சார்?” இல்லை என்றேன். “சொல்லாம எப்படிப் போகும்?” என்று சிரித்துவிட்டு, எஃப்ஐஆர் இல்லாமல், இந்தப் பரிவர்த்தனை நான் செய்ததில்லை என்று எழுதித் தரும் டிஸ்பியூட் ஃபார்மை வாங்க முடியாது என்றார் அந்த அம்மா. சரி என்று ஸ்டேஷனுக்குப் போனால், ஏட்டய்யாவும் அதே கேள்வி. எஸ்ஐ வந்து, “ஐடி ஆக்ட் கேஸை இன்ஸ்பெக்டர் ரேங்க்லதான் விசாரிக்கணும், எஸ்பி ஆபீஸ் பக்கம் சைபர் கிரைமுக்குப் போங்க” என்றார். அவர் சொன்னது பொய்யில்லை, ஐடி ஆக்ட் எனும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 78-ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. ஆனால் அது விசாரணைக்கு. குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் புகாரை வாங்கிக்கொள்ளலாம் என்று குற்றவியல் நடைமுறைக்கான புதிய நாகரிக் சுரக்ஷா சட்டத்தின் 173-ஆவது பிரிவிலேயே இருக்கிறது. அதை மெதுவாக எடுத்துச் சொன்னதும், “நல்லாத்தான் படிச்சுட்டு வந்திருக்கீங்க” என்று சொல்லி புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது போட்டுக் கொடுத்தார். வங்கிக்கு அந்த ரசீதே போதுமானதாக இருந்தது. ஆக, எஃப்ஐஆர்தான் வேண்டும் என்று அன்றைக்கு என்னைத் துரத்தியது சும்மாதான்.

தண்டனை எல்லாம் காகிதத்தில் கனமாகத்தான் இருக்கிறது. அடுத்தவர் அடையாளத்தையோ கடவுச்சொல்லையோ மோசடியாகப் பயன்படுத்தினால் ஐடி சட்டம் 66சி, கணினி வழியே ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றினால் 66டி. இரண்டுக்கும் மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். மோசடிக்கான பழைய 420 இப்போது, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 318(4). அதில் ஏழு ஆண்டு வரை போகும். ஆள் எந்த நாட்டில் உட்கார்ந்திருக்கிறான் என்றே தெரியாதபோது இதை வைத்து நாம் என்ன செய்வது? நம் பணத்தைத் திருப்பித் தருவது இந்தப் பிரிவுகள் இல்லை. எனக்குக் கைகொடுத்தது, அப்போது நடப்பில் இருந்த, ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6-ல் போட்ட சுற்றறிக்கைதான். அதன்படி: தவறு வங்கியிடமும் இல்லை, நம்மிடமும் இல்லை என்றால், வங்கியின் தகவல் வந்து மூன்று வேலை நாட்களுக்குள் சொல்லிவிட்டால் நமக்கு ஒரு பைசா நஷ்டமில்லை. நான்கு முதல் ஏழு வேலை நாட்களுக்குள் சொன்னால் சாதாரண சேமிப்புக் கணக்கில் ஒரு பரிவர்த்தனைக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய் வரை நம் தலையில். அதையும் தாண்டினால் வங்கி வைத்ததுதான் சட்டம்.

ஃபார்மோடு பாஸ்போர்ட்டின் எல்லாப் பக்கங்களையும் கேட்டார்கள், அன்று நான் இந்தியாவில்தான் இருந்தேன் என்று காட்டுவதற்காம். இணையத்தில் நடந்த திருட்டுக்கு நான் எங்கே இருந்தால் என்ன? வாதாடி நேரத்தை வீணாக்காமல் கொடுத்துவிட்டேன். அப்படியும் வந்த பதில் இதுதான்: “பரிவர்த்தனை பாதுகாப்பான முறையில் சரிபார்க்கப்பட்டுள்ளது. வங்கி பொறுப்பல்ல.”

இங்கேதான் பலரும் விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். வெளிநாட்டுத் தளங்கள் பலவற்றில் ஓடிபியே கேட்பதில்லை. கார்டு எண், காலாவதி தேதி, பின்பக்க மூன்று இலக்கம் போதும். தவறு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்க வேண்டியது வங்கி என்று அதே சுற்றறிக்கை சொன்னது. அதைக் குறிப்பிட்டு, வங்கியில் புகார்களைக் கவனிக்கும் நோடல் அதிகாரிக்கு மின்னஞ்சல் எழுதினேன். ஓடிபி அனுப்பியிருந்தால் எத்தனை மணிக்கு, எந்த எண்ணுக்கு என்ற பதிவைத் தாருங்கள். புகார் வந்த பத்து வேலை நாட்களுக்குள் தற்காலிகமாகப் பணத்தை வரவு வைத்திருக்க வேண்டுமே, ஏன் வைக்கவில்லை. 30 நாள் முடிந்தால் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் போவேன். இவ்வளவுதான் எழுதினேன். ஓடிபி பதிவு கடைசிவரை வரவில்லை. பணம் வந்தது.

வந்ததை எண்ணிப் பார்த்தால் குறைகிறது! அந்நியச் செலாவணிக் கட்டணமும் அதற்கான ஜிஎஸ்டியும் வரவில்லை. அதைவிடக் கொடுமை, திருடன் கணக்கைத் துடைத்துவிட்டுப் போனதால் மினிமம் பேலன்ஸ் இல்லை என்று எனக்கு அபராதம் போட்டிருந்தார்கள். பணத்தைத் திருடு போன தேதியிட்டே வரவு வைக்க வேண்டும் என்பதும் விதி. அப்படி வைத்தால் இருப்பு குறையவே இல்லை. இதை எழுதி, ஸ்டேட்மென்டில் அந்த வரியை வட்டமிட்டு இன்னொரு மின்னஞ்சல் அனுப்பிய பிறகு அபராதத்தைத் திருப்பிவிட்டார்கள். செலாவணிக் கட்டணத்துக்கு இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.