எந்தக் கம்யூனிட்டி?

கலிஃபோர்னியாவில் ஒரு கம்யூனிட்டி காலேஜில் பட்டப்படிப்புக்குச் சேர்ந்திருக்கிறேன் என்று போனில் சொன்னதும் மதுரையிலிருந்து மாமியார் கேட்ட முதல் கேள்வி: "ஏம்மா, எந்தக் கம்யூனிட்டி நடத்துகிற காலேஜ்?" பிள்ளைகளுக்குக் கம்யூனிட்டி சர்டிஃபிகேட் வாங்க தாலுகா அலுவலகத்துக்கு நடையாய் நடந்தவர். அவருக்கு அந்தச் சொல்லுக்கு வேறென்ன பொருள் இருக்க முடியும்? கொழுந்தனார் இன்னும் ஒரு படி மேலே போனார். சமுதாயக் கல்லூரி என்றால் டிப்ளமோதானே, பி.எஸ். பட்டம் எப்படித் தருவார்கள் என்றார்.

அவர் கேட்டதில் தப்பில்லை. இங்கே கம்யூனிட்டி காலேஜ் என்றால் அந்தந்த வட்டாரத்து மக்களுக்கான அரசுக் கல்லூரி. அதிலும் வெகுகாலம் இரண்டாண்டுப் படிப்போடு சரி. 2014-இல் சட்டம் போட்டு 15 கல்லூரிகளில் மட்டும் சோதனையாக இளநிலைப் பட்டத்தை அனுமதித்தார்கள். 2021-இல்தான் அது நிரந்தரமானது. மாநிலப் பல்கலைக்கழகங்கள் தரும் பட்டத்தையே இவையும் தரக் கூடாது என்பது நிபந்தனை. அதனால் ஈமச் சடங்குத் தொழில், குதிரைப் பண்ணை நிர்வாகம் என்றெல்லாம் பட்டங்கள் உண்டு. என்னுடையது சுவாச சிகிச்சை. இரவுப் பணியில் வெண்டிலேட்டர்களோடு பழகியவள். மேற்பார்வையாளர் பதவிக்குப் பட்டம் கேட்டார்கள், சேர்ந்துவிட்டேன்.

இந்தப் பட்டம் உன் வாழ்வில் என்ன செய்தது என்று மாணவர்களுக்கு ஒரு கட்டுரைப் போட்டி அறிவித்தார்கள். 500 சொற்கள், ஓர் ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம். பத்தாம் வகுப்பில் கட்டுரைப் போட்டிக்கு டிபன் பாக்ஸ் பரிசு வாங்கிய தெம்பில் உட்கார்ந்தேன். முன்னுரை, குறுந்தலைப்புகள், "கற்க கசடற" குறளுக்கு ஆங்கிலப் பொருள், முடிவுரை. எண்ணினால் 1,140 சொற்கள்.

கல்லூரியின் எழுத்துப் பயிற்சி மையத்தில் இருந்த பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். பென்சிலை மேசையில் உருட்டிக்கொண்டே படித்தாள். குறளைத் தாண்டினாள், கல்வியின் சிறப்பைத் தாண்டினாள். வாயைத் திறக்காமல் ஓர் எண்ணைச் சுற்றி வட்டம் போட்டாள்: 130. பட்டப்படிப்பின் பிந்தைய இரண்டு ஆண்டுப் பாடங்களுக்கு ஒரு யூனிட்டின், அதாவது ஒரு பாட அலகின், கட்டணம். வழக்கமான 46 டாலரோடு கூடுதலாக 84. இந்தப் பணத்தை எப்படிக் கட்டினாய் என்றாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கூடுதல் ஷிப்ட் பார்த்தேன் என்றேன். வீட்டில் என்ன சொன்னார்கள் என்றாள். மாமியார் கதையைச் சொன்னேன். கம்யூனிட்டி என்றால் எங்கள் ஊரில் சாதி என்று விளக்கவே பத்து நிமிடம் பிடித்தது. விளங்கியதும் சிரிப்பாள் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை. "இதை ஏன் எழுதவில்லை?" என்றாள்.

எழுத வெட்கமாக இருந்தது, அதுதான் காரணம். மாமியாரை ஊர் சிரிக்க வைப்பதாக ஆகிவிடுமோ என்ற பயம் வேறு. கடைசியில் விடிகாலை மூன்று மணிக்கு, வார்டு அடங்கியிருந்த நேரத்தில், வெற்றுச் சோதனைத் தாள்களின் பின்பக்கத்தில் எழுதினேன். அலாரம் அடித்தபோதெல்லாம் எழுந்து ஓடினேன். திரும்பி வந்தால் பாதி வாக்கியம் மறந்திருக்கும். அப்படி மறந்தவற்றைத் தேடிப்பிடிக்கவில்லை. 1,140 சொற்கள் 500-க்குள் வந்ததற்கு அந்த அலாரங்களுக்கும் பங்குண்டு. மாமியாரின் கேள்வியே முதல் வரி. குறள் போய்விட்டது, மனம் ஆறவில்லைதான்.

அனுப்பும் படிவத்தில் ஒரு தகராறு. கடைசிப் பெயர்க் கட்டம் என் இனிஷியலை ஏற்க மறுத்தது. இரண்டு எழுத்தாவது வேண்டுமாம். அப்பா பெயரை முழுதாகப் போட்டிருக்கலாம். தூக்கக் கலக்கத்தில் கணவர் பெயரைப் போட்டு அனுப்பிவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. பரிசு இல்லை, பாராட்டு மட்டும். அந்தப் பாராட்டும் கணவர் பெயரைச் சொல்லி விளித்திருந்தது. கட்டுரையை இன்றுவரை அவர் படித்து முடிக்கவில்லை. கடிதத்தை மட்டும் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கிறார்.