டெலவேர் விரிகுடாவில் லாட நண்டு எண்ணப் போகிறீர்களா? முதலில் டைட் நேரத்தைச் சரிபாருங்கள்

அமெரிக்காவின் கிழக்குக் கரையில் உள்ள இந்த விரிகுடாவில் முட்டையிடக் கரையேறும் குதிரைலாட நண்டுகளை எண்ணத் தன்னார்வலராகப் பெயர் கொடுப்பதிலும் பயிற்சியிலும் சிக்கலே இல்லை. கோட்டை விடுவது டைட் நேரத்தில், அதாவது கடல் நீர் ஏறி இறங்கும் நேரத்தில்தான்.

மே, ஜூன் மாதங்களில் ஒவ்வொரு அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் மூன்று இரவுகள் எண்ண வேண்டும்: அன்றைக்கு, இரண்டு நாள் முன்னால், இரண்டு நாள் கழித்து. மொத்தம் 12 இரவுகள். இரவு ஹை டைட் உச்சிக்கு வந்து தண்ணீர் இறங்கத் தொடங்கும்போதுதான் ஆரம்பிக்க வேண்டும். எங்களுக்குக் கொடுத்த அட்டவணையில் இருந்ததோ விரிகுடா வாயிலில் இருக்கும் லூயிஸ் ஊரின் நேரம். எங்கள் கரை அங்கிருந்து வடக்கே, பவர்ஸ் பக்கம். விரிகுடாவுக்குள் மேலே போகப் போக ஹை டைட் தாமதமாகும். நாங்கள் எண்ணி முடித்தபோதும் தண்ணீர் ஏறிக்கொண்டுதான் இருந்தது. எண்ணிக்கையை எழுதிய அந்தத் தாள் செல்லாது என்று ஏற்பாட்டாளர்கள் ஒதுக்கிவிட்டார்கள். நான்கு பேருடைய ஓர் இரவு வீண். கேட்டதற்கு, "உள்ளூர் நேரத்தை நீங்களே பார்த்திருக்க வேண்டும்" என்றார்கள். ஆகவே நீங்களே பாருங்கள். உங்கள் கரைக்கு மிக அருகில் உள்ள நிலையத்தின் டைட் நேரத்தை எடுங்கள். அது கோடைகால நேரத்துக்கு (கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளி வைப்பது) மாற்றப்பட்டதா என்பதையும் பாருங்கள். அதற்குப் பிறகு நாங்கள் கொடுத்த பதினொரு தாளும் அப்படியே ஏற்கப்பட்டன.

மணலில் வைத்து உள்ளே இருக்கும் நண்டுகளை எண்ணும் சதுரச் சட்டம் பிவிசி பைப்பில் செய்தது. உள்ளளவு ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் இருக்க வேண்டும். எல்போவையும் (மூலையில் பைப்பை இணைக்கும் வளைவு) சேர்த்து அளந்தால் உள்ளே இடம் குறைந்துவிடும், எண்ணிக்கையும் குறையும். ஒரு கிலோமீட்டர் கரையில் 100 இடங்களில் சட்டம் வைக்க வேண்டும், 20 மீட்டருக்கு இரண்டு. முதல் 20 மீட்டருக்குள் சட்டம் வைக்கும் தொடக்க எண்கள் 7, 15 மீட்டர் என்று வந்தால் அடுத்தவை 27, 35, அப்புறம் 47, 55. காலடியை நம்பாதீர்கள், ஈர மணலில் அடி சுருங்கும். 20 மீட்டர் கயிறு ஒன்று போதும்.

சட்டம் விழுந்த இடம் விழுந்ததுதான். பக்கத்தில் நண்டுகள் குவிந்து கிடக்கின்றன என்று நகர்த்தக்கூடாது. உள்ளே ஒன்றுமே இல்லையென்றால் 0 என்று எழுதுங்கள். கட்டத்தை வெறுமையாக விட்டால் எண்ணவில்லை என்றுதான் பொருளாகும். உடலில் பாதிக்கு மேல் உள்ளே இருந்தால்தான் கணக்கு.

பெரும்பாலும் தவறவிடுவது பெண் நண்டைத்தான். ஆணைவிடப் பெரியதென்றாலும் அது மணலில் புதைந்து கிடக்கும். ஓட்டின் விளிம்பு மட்டும் லேசாக மேடு தட்டும். பின்னால் ஓர் ஆண் கொக்கி போட்டுப் பிடித்திருக்கும், சுற்றிலும் வேறு ஆண்கள். ஆணுக்கு முன்னால் மணலில் கைவிட்டுத் தடவிப் பாருங்கள். பெண்ணை விட்டுவிட்டால் ஆண் பெண் விகிதமே தப்பாகிவிடும். விலாங்கு, சங்குப் பொறிகளுக்கு இரையாக இந்த விரிகுடாவின் பெண் நண்டுகளைப் பிடிக்க 2013 முதல் ஒதுக்கீடே கிடையாது. அவ்வளவு கவனமாகக் காக்கும் பெண்களை நாம் கணக்கில் கோட்டை விடலாமா?

ஆணா பெண்ணா என்று சந்தேகம் வந்தால் அடியில் பாருங்கள். ஆணின் முன்பக்கப் பிடிகால்கள் குத்துச்சண்டைக் கையுறை போல உருண்டிருக்கும். தூக்கும்போது ஓட்டின் இரு பக்கமும் பிடியுங்கள். வாலைப் பிடித்து ஒருபோதும் தூக்காதீர்கள். மல்லாந்து விழுந்தால் திரும்ப அது ஊன்றுவது அந்த வாலைத்தான். மூட்டு கெட்டால் காலையில் கடற்பறவைகளுக்கு இரையாகிவிடும். மல்லாந்து கிடப்பதைக் கண்டால், எண்ணி முடித்ததும் புரட்டி விட்டுவிட்டு நகருங்கள்.

இடி மின்னல் என்றால் போகவே வேண்டாம். அலை பலமாக இருந்தால் நண்டுகள் அதிகம் ஏறாது. ஆனாலும் போய் எண்ண வேண்டும், அதுவும் தகவல்தான். பேனா ஈரத்தில் எழுதாது, பென்சில் கொண்டுபோங்கள். ஓட்டில் அடையாளத்துக்காகப் பொருத்திய வெள்ளை வட்ட வில்லை தெரிந்தால் அதன் எண்ணைக் குறித்து அமெரிக்க மீன், வனவிலங்குத் துறைக்கு அனுப்புங்கள். நண்டு உயிரோடிருந்தால் வில்லையைக் கழற்றாதீர்கள்.