பின்சாய்வு

ஜூன் 3, செவ்வாய்

உடைந்த இடது மணிக்கட்டு சுண்டுவிரல் பக்கம் மடங்குவது 14 டிகிரி. போன வாரமும் 14. வலது கையை அளந்தால் 32 வருகிறது.

"அவசரப்படாதீங்க மேடம்" என்கிறார் பிசியோ. அவசரமெல்லாம் இல்லை. கணக்குதான் பார்க்கிறேன்.


ஜூன் 4, புதன்

ஸ்டீல் கிட்டாரை மடியில் படுக்க வைத்து வாசிப்பதில் ஒரு சௌகரியம், உள்ளங்கை கீழே பார்த்தபடியே இருக்கலாம். பழைய கிட்டாரின் கழுத்தைப் பிடிக்க முன்கை திரும்ப வேண்டும். அது இனி எப்போது திரும்புமோ. இதில் பாரை, அந்த இரும்பு உருளையை, கம்பி மேல் ஃப்ரெட் கோட்டுக்கு நேர் மேலே வைத்தால் போதும். ஐந்து, ஏழு, பன்னிரண்டு. கண் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் ஏமாற்றும், குனிந்து நேர் மேலிருந்து பார்க்க வேண்டும். அது பழகிவிட்டது.

ஆனால் பாரை நேராக வைத்தே வாசித்தால் கிடைப்பது கொஞ்சம்தான். கம்பிகளைக் கூட்டியிருப்பது சி சிக்ஸ் சுருதி, முதல் கம்பியிலிருந்து இ, சி, ஏ, ஜி, இ, சி. முதல் இரண்டு கம்பிக்கும் நடுவே எந்த ஃப்ரெட்டில் வைத்தாலும் சாவுக்கும் அந்தர காந்தாரத்துக்கும் உள்ள தூரம். இரண்டு கம்பியையும் சேர்த்து மீட்டியபடி ஒரு மேஜர் ஸ்கேல் ஏறினால், ஏழு படியில் மூன்றுக்குத்தான் இந்தத் தூரம் பொருந்தும்: சி, எஃப், ஜி. டி, இ, ஏ, பி நாலுக்கும் அரை ஸ்வரம் குறைய வேண்டும், சாதாரண காந்தாரம். அதற்கு இரண்டாம் கம்பியில் பார் இருக்கும் ஃப்ரெட்டைவிட முதல் கம்பியில் ஒரு ஃப்ரெட் பின்னால் இருக்க வேண்டும். பாரின் மூக்கு, அதாவது முதல் கம்பிப் பக்கத்து முனை, கிட்டாரின் தலைப்பக்கம் திரும்ப வேண்டும். அதுதான் பின்சாய்வு.

ஏழில் நாலு. பாதிக்கு மேல்.


ஜூன் 6, வெள்ளி

கட்டைவிரலை மடக்கும்போது ஒரு டிக். வெளியே கேட்கவில்லை, உள்ளே தெரிகிறது. ஒரே ஒரு தடவைதான்.


ஜூன் 9, திங்கள்

முன்சாய்வு வந்துவிட்டது. பெருமைப்பட அதில் ஒன்றுமில்லை. கட்டைவிரல் பாரின் வாலைத் தலைப்பக்கம் தள்ளும், நடுவிரல் மூக்கைப் பிரிட்ஜ் பக்கம் தள்ளும், முழங்கை கொஞ்சம் வெளியே விரியும். மூன்றாம் கம்பியில் மூன்றாவது ஃப்ரெட், இரண்டாம் கம்பியில் நாலாவது ஃப்ரெட்: சி, இ. பத்துத் தடவையில் எட்டு சரியாக விழுந்தது.

பின்சாய்வு அப்படியே தலைகீழ். முழங்கை விலாவோடு ஒட்டுகிறது. மணிக்கட்டு சுண்டுவிரல் பக்கம் மடங்க வேண்டும். எத்தனையோ பக்கம் இருக்க, சரியாக அந்தப் பக்கம்.

பாரின் வால்முனையில் ஒரு குழி இருக்கிறது. இத்தனை நாளாக அழகுக்கு என்று நினைத்திருந்தேன். கட்டைவிரல் நுனியை அதற்குள் உட்கார வைத்து, ஆள்காட்டி விரலால் மூக்கை இழுத்தால் பார் கைக்குள்ளேயே சுழல்கிறது. பக்கவாட்டில் பள்ளம் போட்ட பார் என்றால் பிடி நன்றாக இருக்கும், ஆனால் இப்படிச் சுழலாது. இது உருண்டை. 19 மி.மீ. கனம், 73 மி.மீ. நீளம். சமையலறைத் தராசில் வைத்தேன், 158 கிராம். 158 கிராம் ஒரு கனமா? கையைக் கேட்டால் ஆமாம் என்கிறது.

இன்னொரு தொல்லை. மோதிரவிரலும் சுண்டுவிரலும் பாருக்குப் பின்னால் கம்பி மேல் படுத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் பாருக்கும் தலைக்கும் நடுவே உள்ள கம்பித் துண்டும் சேர்ந்து முனகும். பின்சாய்வுக்குத் திரும்பியதும் இரண்டு விரலும் எழுந்து நின்றுகொள்கின்றன, யாரோ பெரியவர் அறைக்குள் வந்த மாதிரி. உடனே ஈ மாட்டிக்கொண்ட ரீங்காரம். படுக்க வைத்தால் பார் நிமிர்ந்துவிடுகிறது. பாரைச் சாய்த்தால் விரல் எழுந்துவிடுகிறது. ஒன்றரை மணி நேரம் இதேதான்.

இரண்டு டிக்.


ஜூன் 10, செவ்வாய்

தூக்கம் வரவில்லை. பாப்பாவின் ஜியாமெட்ரி பெட்டியை எடுத்து அளந்தேன். கம்பி நீளம் 22.5 அங்குலம். ஒன்றாவது ஃப்ரெட்டுக்கும் இரண்டாவதுக்கும் நடுவே 30 மி.மீ. எட்டுக்கும் ஒன்பதுக்கும் 20. பத்துக்கும் பதினொன்றுக்கும் 18. கம்பிக்கும் கம்பிக்கும் 9.5.

ஆக எட்டு, ஒன்பதில் பார் நேர்நிலையிலிருந்து 65 டிகிரி திரும்ப வேண்டும். ஒன்று, இரண்டில் 72க்கும் மேல். அது சாய்வே இல்லை, கம்பியோடு கம்பியாகப் படுத்துவிடுவது. கீழ் ஃப்ரெட்களில் ஏன் ஒரு கம்பி விட்டு அடுத்த கம்பியில் சாய்க்கிறார்கள் என்று இப்போது புரிகிறது.

வேண்டியது 65. மணிக்கட்டு தருவது 14. மீதி 51 விரலும் முழங்கையும் போட வேண்டும். மணிக்கட்டு 32 கொடுத்தால் மீதி 33தான்.

மணி மூன்றேகால்.


ஜூன் 13, வெள்ளி

அக்கா போன். "ஏண்டி, கை சரியாகட்டும்னு சொன்னா அதைத் திருகிட்டு உக்காந்திருக்கியாமே?" இவர்தான் சொல்லியிருப்பார். அந்தப் படியைப் பற்றி மறுபடி ஆரம்பித்தாள். அடுப்பில் பால் இருக்கிறது என்று வைத்துவிட்டேன். பால் இல்லை.


ஜூன் 14, சனி

ஏ, சி. இரண்டாம் கம்பி ஒன்பதில், முதல் கம்பி எட்டில். பார் கோட்டிலிருந்து கோட்டுக்கு, மயிரிழை பிசகாமல். பாப்பாவைக் கூப்பிட்டு மேலிருந்து பார்க்கச் சொன்னேன். "சரியா இருக்கும்மா." மீட்டினேன். முகத்தைச் சுளித்தாள். "ரெண்டும் ஒண்ணையொண்ணு பிடிக்காத மாதிரி இருக்கும்மா."

எனக்கும் அப்படித்தான் கேட்கிறது. கை நடுக்கம் என்று நினைத்தேன். நடுக்கம் இல்லை, பார் அசையவில்லை. அசையாத இரண்டு ஸ்வரம் எதற்காகச் சண்டை போட வேண்டும்?


ஜூன் 15, ஞாயிறு

இன்றைக்குத் தொடவில்லை. படித்தேன். ஜோசப் கெகுகு, 1874இல் ஹவாயில் ஓவாஹு தீவில் பிறந்தவர். பள்ளிக்கூடத்துப் பையனாக இருந்தபோது தண்டவாளத்தில் கிடந்த போல்ட்டை எடுத்தான், அது கம்பியில் உரசியது, அதிலிருந்துதான் ஸ்டீல் கிட்டார் ஆரம்பம் என்று ஒரு கதை. சீப்பு என்று இன்னொரு கதை. எனக்கு போல்ட் கதைதான் பிடிக்கிறது. அந்த மரை கம்பியில் கறகறவென்று எப்படிக் கத்தியிருக்கும்! அப்புறம் கத்தியின் முதுகு, அப்புறம் வழவழப்பான இரும்புத் துண்டு. 1904இல் தீவை விட்டுக் கிளம்பி அமெரிக்காவெல்லாம் வாசித்துக்கொண்டு போனார்.

இரும்பு கம்பிக்கு வெளியே இருந்தவரை அவருக்குக் கவலை இல்லை. எனக்கு மணிக்கட்டுக்குள் ஒரு பிளேட், ஆறு ஸ்க்ரூ.


ஜூன் 17, செவ்வாய்

16 டிகிரி. பிசியோ கைதட்டினார். டிக் பற்றிச் சொல்லவில்லை. சொன்னால் வாசிக்காதே என்பார். நேற்று நாலு, இன்று காலையிலேயே மூன்று.


ஜூன் 18, புதன்

ஒன்றும் இல்லை. மழை மாதிரி இருந்து வரவில்லை.


ஜூன் 21, சனி (இரவு)

கிடைத்துவிட்டது. அடடா. ஒழுங்காக எழுதி வைக்கிறேன், நாளைக்கு நானே நம்பமாட்டேன்.

தப்பு கையில் இல்லை. சுருதியில்.

முதல் நாளே முதல் கம்பியை, அந்த இயை, டியூனர் காட்டியதைவிட ஒரு பொட்டு இறக்கி வைத்துவிட்டேன். தெரிந்து செய்யவில்லை, காது கேட்டது, இறக்கினேன். சின்ன வயதில் தம்புரா பக்கத்தில் உட்கார்ந்து வளர்ந்த காது. மந்தர சா கம்பிக்குள்ளிருந்து தானாக ஒரு காந்தாரம் எழும்புமே, அதுதான் எனக்குக் காந்தாரம். அது சாவிலிருந்து 386 சென்ட். டியூனர் சொல்லும் காந்தாரம் 400. நான் இறக்கியது இந்த 14. அதனால்தான் நேர்ப்பாரில் ஐந்தும் ஏழும் அவ்வளவு இனிப்பாக இருந்தன.

இப்போது சாய்த்தால் என்ன ஆகும்? ஒரு ஃப்ரெட் என்பது 100 சென்ட். 386இல் 100 போனால் 286. ஆனால் காது ஒத்துக்கொள்ளும் சாதாரண காந்தாரம் 316. முப்பது சென்ட் பள்ளம்! அசையாமல் வைத்தால் சண்டை போடாமல் என்ன செய்யும்?

அப்படியானால் ஒரு ஃப்ரெட் முழுக்கச் சாய்க்கவே கூடாது. 70தான். எட்டு, ஒன்பதில் 20 மி.மீ. இல்லை, 14 மி.மீ. மூக்கு எட்டாவது கோட்டைத் தொடாமல் பிரிட்ஜ் பக்கம் ஆறு மி.மீ. தள்ளியே நிற்க வேண்டும். 65 டிகிரி இல்லை. 56.

பதினெட்டு நாளாகக் கோட்டை எட்டிப் பிடிக்கக் கையை முறுக்கிக்கொண்டிருந்தேன்.

எல்லோரும் தூங்குகிறார்கள். கம்பி மேல் துணி போட்டு மீட்டிப் பார்த்தேன். துணிக்கு அடியிலும் தெரிந்தது.


ஜூன் 22, ஞாயிறு

சண்டை போடவில்லை. பாப்பா வாசலிலிருந்தே, "என்னம்மா பண்ணின? பாட்டு மாதிரி இருக்கு" என்றாள். கோட்டைப் பார்க்காமல் வைத்தேன். அலை அலையாக நடுங்கும், மெதுவாகும், இன்னும் மெதுவாகும், ஒரு இடத்தில் படுத்துவிடும். அந்த இடம்தான். கண்ணை மூடினால் சீக்கிரம் கிடைக்கிறது. நேற்றுவரை கண்ணைத்தான் பழக்கிக்கொண்டிருந்தேன்.

டிக், டிக், டிக்.


ஜூன் 24, செவ்வாய்

19.

ஒன்றாம் கம்பியும் நாலாம் கம்பியும். அங்கே மூன்று இடைவெளி தாண்டிப் பார் போவதால் முழு ஃப்ரெட் சாய்த்தாலும் 35 டிகிரிதான். எட்டும் ஒன்பதும்: மேலே சி, கீழே இ. இங்கேயும் கோட்டுக்குக் கொஞ்சம் முன்னாலேயே நின்றுவிட வேண்டும். மோதிரவிரல் எழுந்திருக்கவில்லை! சுண்டுவிரல் எழுந்தது, பரவாயில்லை, அது எப்போதும் அப்படித்தான்.

பன்னிரண்டிலிருந்து கீழே இறங்கி வந்தேன். நேர், சாய்வு, சாய்வு, நேர், நேர். இறங்க இறங்க ஃப்ரெட் அகலமாகிறது, அதே சாய்வு போதாது, கை போகும்போதே கோணம் வளர வேண்டும். குழந்தையைத் தூக்கிக்கொண்டு படி இறங்குகிற மாதிரி, ஒவ்வொரு படியிலும் இடுப்பு வேறு மாதிரி.

படி என்று எழுதிவிட்டேன். சரி.


ஜூன் 27, வெள்ளி

இவர் காபி டம்ளரை நீட்டினார். கட்டைவிரல் பாதியில் நின்றது, அப்புறம் டிக்கென்று மடங்கியது. இந்தத் தடவை சத்தம் கேட்டது. அவருக்கும் கேட்டது.

"எப்போலேர்ந்து?"

டம்ளரை வாங்கிக்கொண்டேன்.


ஜூன் 30, திங்கள்

ஸ்கேன். பிளேட்டின் விளிம்பு தூக்கிக்கொண்டிருக்கிறது, கட்டைவிரலை மடக்கும் தசைநாண் அதன் மேல் உரசுகிறது. எலும்பு நன்றாகக் கூடிவிட்டது, பிளேட்டை எடுத்துவிடலாம் என்கிறார் டாக்டர். விட்டுவைத்தால் உரசி உரசி அறுந்துபோகலாமாம். கயிறு கிணற்று விளிம்பில் தேய்வதைச் சொல்வது போலத்தான் சொன்னார்.

"எத்தனை நாளா இந்த டிக் இருக்கு?"

"நாலஞ்சு நாளா டாக்டர்."

இவர் என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பும் வழி முழுக்கப் பேசவும் இல்லை.


ஜூலை 1, செவ்வாய்

பிசியோ வேண்டாமாம் இப்போதைக்கு. அளக்கவில்லை.

எரிச்சல். 1953இல் பட் ஐசக்ஸ் என்பவர், கம்பி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே பெடலை மிதித்துச் சுருதி மாறுவது காதில் விழும்படி பதிவு செய்தார். அதோடு ஆட்கள் கூட்டம் கூட்டமாகப் பெடல் ஸ்டீலுக்குப் போய்விட்டார்கள். மணிக்கட்டு செய்த வேலையைக் கணுக்கால் செய்யும். புத்திசாலிகள். ஜெர்ரி பேர்ட் மட்டும் பெடலை ஏற்கவே இல்லை, கடைசிவரை பாரைச் சாய்த்துக்கொண்டிருந்தார். அவர் வாசிப்பதைக் கேட்டால் பார் சாய்கிறது என்றே தெரியாது, ஸ்வரம் ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கரைகிறது. இன்று அதைக் கேட்கப் பிடிக்கவில்லை. பாதியில் நிறுத்தினேன்.

எனக்குக் கணுக்கால் நன்றாக இருக்கிறது. அதைச் சொல்ல வந்தேன்.


ஜூலை 2, புதன்

அக்கா வந்திருக்கிறாள். கிட்டாரை எங்கே வைத்தாய் என்று கேட்கவில்லை. அவளே துணியால் மூடி வைத்திருக்கிறாள்.


ஜூலை 3, வியாழன்

நாளை காலை ஏழு மணிக்கு வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருக்கிறார்கள். நகப்பூச்சு இருக்கக் கூடாது, வளையல் கூடாது.

எல்லோரும் படுத்த பிறகு துணியை எடுத்தேன். பாரை இடது கையில் பிடிக்கவில்லை, சத்தியம். வலது கையால் மேலிருந்து கம்பி மேல் வைத்து, பாப்பாவை மீட்டச் சொன்னேன். அவள் தூங்கவில்லை, எனக்குத் தெரியும். எட்டுக்கு ஆறு மி.மீ. முன்னால். கையை மாற்றிப் பிடித்ததில் மூக்கு எது வால் எது என்றே குழம்பிவிட்டது. நாலாவது தடவை படுத்தது.

"இன்னொரு தடவைம்மா" என்றாள்.

கம்பிகளைத் தளர்த்தி வைக்கவா என்று யோசித்தேன். தளர்த்தவில்லை. ஆறாவது கம்பி மட்டும் கொஞ்சம் இறங்கியிருந்தது, ஏற்றினேன்.