தவணை முறையில் ஓய்வு பெற்றவர்

2020ஆம் ஆண்டு ஜூன் 25ஆம் தேதி, இனித் தேர்தலில் நிற்கப்போவதில்லை என்று சிங்கப்பூரின் முன்னாள் பிரதமர் கோ சோக் டோங் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங்குக்குக் கடிதம் எழுதிவிட்ட செய்தியை எனக்கு முதலில் அனுப்பியவர் என் அண்ணன். அடுத்த அரைமணி நேரத்தில் பள்ளித் தோழிகளின் வாட்ஸ்அப் குழு, எங்கள் அடுக்குமாடி புளோக்கின் குடியிருப்பாளர் குழு என்று எல்லாவற்றிலும் அதே செய்தி வந்து விழுந்தது. நாடாளுமன்றம் கலைக்கப்பட்டு இரண்டு நாள்கள்தான் ஆகியிருந்தன. 79 வயது நிரம்பிய ஒருவர் ஒதுங்கிக்கொள்வதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் நாங்கள் அவருடைய தொகுதியான மரின் பரேட்காரர்கள். அவர் 1976ஆம் ஆண்டு டிசம்பரில் இத்தொகுதியில் முதன்முறையாக வென்றபோது நான் பிறந்திருக்கவே இல்லை. எனக்கு ஓட்டுரிமை வந்த பிறகும் 2001, 2006 ஆகிய இரு பொதுத்தேர்தல்களிலும், பல வேட்பாளர்கள் ஓர் அணியாகப் போட்டியிடும் எங்கள் குழுத்தொகுதியில் போட்டியே இல்லாமல் போனதால், என் முதல் வாக்கைச் செலுத்த 2011 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அன்றிரவு முழுவதும் 'எம்பரேடர்' என்ற அவருடைய ஃபேஸ்புக் பக்கத்திலும் மற்ற இடங்களிலும் மக்கள் எழுதியவற்றைப் படித்துக்கொண்டிருந்தேன். பெரும்பாலானவை நன்றிகள். அவற்றில் ஒரு பகுதி, ஆள் உயிரோடு நலமாக இருக்கிறார் என்பதையே மறந்துவிட்டு எழுதப்பட்ட இரங்கல் செய்திகளைப் போல இருந்தன. நம்மிடம் ஒருவரை வாழ்த்தி வழியனுப்புவதற்கான சொற்கள் குறைவு. இருப்பவை எல்லாம் திருமண மேடைக்கும் துக்க வீட்டுக்கும் உரியவை. அதனால்தானோ என்னவோ, 'ஒரு சகாப்தம் முடிந்தது' என்ற ஒரே வாக்கியத்தைப் பல மொழிகளில் பலமுறை பார்க்க நேர்ந்தது.

உண்மையில் அவருடைய சகாப்தம் என்று ஒன்று இருந்திருந்தால், அது 2004ஆம் ஆண்டு ஆகஸ்ட் 12ஆம் தேதியே முடிந்துவிட்டது. ஏறத்தாழ 14 ஆண்டுகள் பிரதமராக இருந்துவிட்டு அன்று அவர் பொறுப்பை ஒப்படைத்தார். பிறகு மூத்த அமைச்சராக அமைச்சரவையிலேயே இருந்தார். 2011ஆம் ஆண்டு மே மாதம், பொதுத்தேர்தல் முடிந்த ஒரு வாரத்தில், சிங்கப்பூரின் முதல் பிரதமர் லீ குவான் இயூவோடு சேர்ந்து அமைச்சரவையிலிருந்தும் விலகினார். அதன் பிறகு ஒன்பது ஆண்டுகள் எங்கள் நாடாளுமன்ற உறுப்பினராக மட்டும் இருந்தார். ஓய்வை இப்படித் தவணை முறையில் கட்டி முடித்ததால், கடைசித் தவணையின்போது நாட்டில் பதற்றமோ அழுகையோ எதுவும் இல்லை. பிரதமரை நாடு 2004இலேயே அனுப்பிவைத்துவிட்டது. 2020இல் புளோக்குக்காரர்கள் தங்கள் எம்பியை அனுப்பிவைத்தார்கள். படித்த பின்னூட்டங்களில் என் மனத்தில் நின்றவை எல்லாம் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தவையே.

மறுநாள் காலை தோசை வாங்குவதற்காக மரின் பரேட் சென்ட்ரல் உணவங்காடிக்குப் போனேன். கோவிட் முடக்கம் தளர்ந்து இரண்டாம் கட்டத் திறப்பு தொடங்கி ஒரு வாரம் ஆகியிருந்த நேரம்; ஒன்றுவிட்டு ஒன்றாக இருக்கைகளில் ஒட்டுநாடாவால் பெருக்கல் குறி போட்டிருந்தார்கள். பெரும்பாலும் ஒரே மேசையைச் சுற்றி உட்காரும் முதியவர்கள் அன்று மூன்று மேசைகளில் பிரிந்து அமர்ந்து, முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டு, ஒருவருக்கொருவர் கேட்கும்படி உரக்கப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் எங்கள் புளோக்கைச் சேர்ந்த ஒரு சீன முதியவர் என்னைப் பார்த்ததும், தம் தலைக்கு மேல் கையை உயர்த்திக் காட்டி, "உயரக்காரர் போகிறாராமே" என்றார் மலாயில். அரசியலைப் பற்றி அவர் வேறெதுவும் சொல்லவில்லை. கைகுலுக்குவதற்கு அந்த உயரமான உடல் எப்படிக் குனியும் என்பதை மட்டும் எழுந்து நின்று நடித்துக் காட்டினார். பக்கத்து மேசைக்காரர், குனிந்து கேட்டால் மட்டும் போதாது, கேட்டதைச் செய்யவும் வேண்டும் என்று முணுமுணுத்தார். காப்பி ஆறும்வரை இருவரும் அதைப் பற்றி வாதாடியிருப்பார்கள். என் தோசை வந்துவிட்டது.

அந்த முணுமுணுப்பையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். நன்றிகளுக்கு நடுவே கசப்பாக எழுதியவர்களும் இருந்தார்கள், அவர்களை வெறும் வம்பர்கள் என்று தள்ளிவிட நான் விரும்பவில்லை. 2018இல் நடந்த ஒரு கலந்துரையாடலில் அமைச்சர்களின் ஊதியத்தைப் பற்றி ஒரு குடியிருப்பாளர் கேட்டபோது, ஊதியம் குறைந்தால் திறமை குறைந்தவர்களே வருவார்கள் என்ற பொருளில் அவர் பேசியதை இளைஞர்கள் மறந்திருக்கவில்லை. சற்று மூத்தவர்கள் 1997ஆம் ஆண்டுத் தேர்தலை நினைவுபடுத்தினார்கள்: ஆளுங்கட்சிக்கு வாக்களிக்கும் வட்டாரங்களின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளுக்கே மேம்பாட்டுப் பணியில் முன்னுரிமை என்று அவர் அறிவித்த தேர்தல் அது. கனிவான, கலந்து பேசும் ஆட்சி என்று சொல்லிப் பதவியேற்றவர், 1994இல் ஓர் எழுத்தாளர் நாளிதழில் அரசைக் குறைகூறி எழுதியதும், அரசியல் பேச விரும்பினால் கட்சியில் சேர்ந்து பேசலாம் என்று கடுமையாக மறுமொழி கொடுத்ததையும் ஒருவர் எடுத்துப் போட்டிருந்தார். இவை மூன்றும் நடந்தவை. கனிவு என்ற சொல்லுக்கு அவருடைய அகராதியில் ஓர் எல்லைக்கோடு இருந்தது என்பதே என் எண்ணமும்.

ஆனால் கேலிகளில் ஒன்று மட்டும் எனக்கு எப்போதும் எரிச்சல் தரும். லீ குவான் இயூவுக்கும் அவர் மகன் லீ சியன் லூங்குக்கும் நடுவே இருக்கையைச் சூடாக வைத்திருந்தவர் என்ற அந்தப் பழைய பகடி இந்த முறையும் சுற்றியது. தம் முதல் தெரிவு இவரல்லர், அமைச்சர் டோனி டான்தான் என்று லீ குவான் இயூ 1988ஆம் ஆண்டு தேசிய தினக் கூட்டத்தில் மேடையிலேயே சொன்னார். அதைக் கேட்டுக்கொண்டு இரண்டாண்டுகள் கழித்து அந்த நாற்காலியில் உட்காருவதற்கு ஒரு தனி வகையான தோல் வேண்டும். எடுசேவ் கல்விக் கணக்கும், மருத்துவக் கட்டணம் செலுத்த இயலாதவர்களுக்கான மெடிஃபண்ட் நிதியும் 1993இல் அவர் ஆட்சியில் வந்தவை. 2003இல் சார்ஸ் தொற்றுநோய் பரவியபோது பொறுப்பில் இருந்தவரும் அவரே. இருக்கையைச் சூடாக்கியதாகச் சொல்பவர்கள், 2020இல் கோவிட் சோதனைக்காகச் சுவாப் குச்சியை மூக்கில் வாங்கிக்கொண்டு நின்றபோது அதையும் சற்று நினைத்துப் பார்த்திருக்கலாம்.

தமிழர்களின் குழுக்களில் பேச்சு வேறு திசையில் போயிற்று. 1994ஆம் ஆண்டு இந்தியக் குடியரசு தினத்துக்கு அவர் சிறப்பு விருந்தினராகச் சென்றதையும், சிங்கப்பூர் நிறுவனங்களை இந்தியாவின் பக்கம் திரும்பிப் பார்க்கச் சொன்னதையும் மூத்தவர்கள் நினைவுகூர்ந்தார்கள். சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டா தொடங்கப்பட்டது 1991இல், அவர் பிரதமராகி ஓராண்டு நிறைவதற்குள். என் சித்தப்பா ஒருவர் மட்டும் 1992 டிசம்பர் இடைத்தேர்தலைக் கிளப்பினார். அப்போது பிரதமராக இருந்தவரே தம் அணியோடு பதவி விலகி, மரின் பரேட்டில் மீண்டும் மக்களிடம் வந்தார். யாழ்ப்பாணத்தில் பிறந்த ஜே.பி. ஜெயரத்தினத்தின் எதிர்க்கட்சியான பாட்டாளிக் கட்சியாலோ, வேட்புமனுத் தாக்கல் நாளன்று ஒருவர் வந்து சேராததால், அணியை நிறுத்த முடியாமல் போயிற்று. மற்றக் கட்சிகளை எதிர்த்து நின்ற கோவின் அணி ஏறத்தாழ 73 விழுக்காட்டு வாக்குகளைப் பெற்றது. ஓய்வு பெறுகிறவரைப் பற்றிப் பேசும் இடத்தில் இது எதற்கு என்று ஒருவர் கேட்க, எதிரே நிற்க வேண்டியவரையும் சேர்த்து நினைக்காமல் ஒருவரை எப்படி நினைப்பது என்று சித்தப்பா எழுதினார். அதன் பிறகு அந்தக் குழுவில் அன்று யாரும் எதுவும் எழுதவில்லை.

எங்கள் வீட்டில் அவரைப் பற்றிய நினைவு ஒரே ஒரு தாள். 1988இல், அண்ணனைப் பள்ளி மாற்றுவதற்காக அம்மா மக்கள் சந்திப்பு நிகழ்ச்சிக்குப் போனார். அப்போது கோ முதல் துணைப் பிரதமர். இருந்தும் வாரந்தோறும் வருபவர்களைச் சந்திக்கும் வழக்கத்தை விடவில்லை. புளோக்கின் கீழ்த்தளத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் இரண்டு மணிநேரம் காத்திருந்ததையும், உள்ளே ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை என்பதையும், தம் தட்டுத்தடுமாறிய ஆங்கிலத்தை அவர் இடைமறிக்காமல் முடிக்கவிட்டதையும் அம்மா பலமுறை சொல்லியிருக்கிறார். சில நாள்களில், சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு அவர் எழுதிய பரிந்துரைக் கடிதத்தின் நகல் வீட்டுக்கு வந்தது. கேட்ட மாற்றம் கிடைக்கவில்லை. அண்ணன் பழைய பள்ளியிலேயே படித்து முடித்தார். அந்த நகல் மட்டும் அம்மாவின் திருமணப் பதிவுச் சான்றிதழ், எங்கள் பிறப்புச் சான்றிதழ்கள் ஆகியவற்றோடு ஒரே பிளாஸ்டிக் உறையில் 1988 முதல் இருக்கிறது. பலன் தராத தாளை எதற்கு வைத்திருக்கிறீர்கள் என்று அண்ணன் இந்த முறையும் சிரித்தார். கையெழுத்து மைப்பேனாவில் போட்டது, அச்சில்லை என்பதே எப்போதும் அம்மாவின் பதில்.

2020 ஜூலை 10ஆம் தேதி வாக்களிப்பு நடந்தது. பெருந்தொற்றுக் காலத் தேர்தல் என்பதால் மேடைக் கூட்டங்கள் இல்லை. எனவே 44 ஆண்டு உறுப்பினராக இருந்தவருக்கு ஒரு திடலில் கூடிக் கைதட்டி விடைகொடுக்கும் வாய்ப்பும் யாருக்கும் அமையவில்லை. 67 வயது அம்மாவுக்கு மூத்தோருக்கான காலை நேரம் ஒதுக்கப்பட்டிருந்தது. ரயில் நிலையக் கட்டுமானத் தடுப்புகளைச் சுற்றிக்கொண்டு வாக்குச்சாவடி வரை நான் உடன் போய், வெளியே காத்திருந்தேன். அன்றிரவு வெளியான முடிவில் ஆளுங்கட்சி அணி 57.74 விழுக்காட்டில் எங்கள் குழுத்தொகுதியைத் தக்கவைத்துக்கொண்டது. 2015இல் அது 64 விழுக்காடாக இருந்தது. அவர் விலகியதற்கும் அந்தச் சரிவுக்கும் எவ்வளவு தொடர்பு என்று அப்போது ஆளாளுக்கு ஒரு கணக்குச் சொன்னார்கள்.

அம்மா வெளியே வர வழக்கத்தைவிட நேரமாயிற்று. பிளாஸ்டிக் கையுறையால் தாள் வழுக்கியதா என்று கேட்டேன். இல்லை, வாக்குச்சீட்டில் இருந்த படங்களில் அவரைத் தேடினேன், நிற்கவில்லை என்று தெரியும், இருந்தாலும் தேடினேன் என்றார். யாருக்கு வாக்களித்தார் என்பதை வழக்கம்போல என்னிடம் சொல்லவில்லை.