கட்டிக்குள் ஓர் ஊசி

எங்கள் நாயின் விலாவில் எலுமிச்சை அளவில் ஒரு கட்டி தென்பட்டபோது, ஸ்கேன் வசதியோ புற்றுநோய் நிபுணரோ அருகில் இல்லாததால், இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்றே நினைத்தேன். மருத்துவர் எடுத்ததோ ஒரு சிரிஞ்சும் மெல்லிய 22 கேஜ் ஊசியும் மட்டுமே. கட்டியைக் குத்தி உறிஞ்சிய துளியைக் கண்ணாடித் தகட்டில் தடவி, உலரவைத்துச் சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்த்தார். கொழுப்புக் கட்டியானால் தகடு எண்ணெய்ப் பிசுக்காக நிற்கும். மாஸ்ட் செல் என்ற நோயெதிர்ப்புச் செல்லில் தோன்றும் புற்றானால் ஊதாத் துகள்கள் நிறைந்த செல்கள் தெரியும். தொட்டுப் பார்த்து இவ்விரண்டையும் பிரித்தறிய முடியாது என்பதால், கையால் தடவியே ‘வெறும் கொழுப்புதான்’ என்று சொல்லப்படும் தீர்ப்பை நான் இப்போது ஏற்பதில்லை. (எங்களுடையது கொழுப்புதான் என்பது வேறு கதை.)

பெட்டை நாய்களின் மடியில் வரும் கட்டிகளுக்கு இந்த ஊசி அவ்வளவாகக் கைகொடுக்காது. மார்பு எக்ஸ்ரேயில் நுரையீரலில் புற்று பரவிய அடையாளம் தெரியாவிட்டால் கட்டியை அறுத்தெடுத்து, அதைப்போல் 10 மடங்கு அளவுள்ள 10 சதவீத ஃபார்மலினில் (திசு கெடாமல் காக்கும் திரவம்) இட்டுத் தொலைவிலுள்ள ஆய்வகத்துக்கு அனுப்பலாம்.

இனச்சேர்க்கையால் தொற்றும் கட்டிக்கோ பெரும்பாலும் அறுவையே வேண்டியதில்லை. வாரம் ஒருமுறை இரத்தநாளத்தில் ஏற்றப்படும் வின்கிரிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்தில், வழக்கமாக 4 முதல் 6 வாரங்களுக்குள் அது கரைந்துவிடும். ஆனால் மருந்து இரத்தநாளத்துக்கு வெளியே கசிந்தால் சுற்றியுள்ள சதை அழுகும் என்பதால், நாய் அசையாதபடி பிடித்துக்கொள்ள இன்னொருவர் உடனிருக்க வேண்டும்.